நவமணி போட்ட கூறு

கோலா சிலாங்கூரில் ஆட்டுக்கறி வாங்கத் தெரிந்தவர்கள் எல்லோருக்கும் நவமணியைத் தெரியும். ஆள் குட்டை, குரல் நெட்டை. பட்டணத்து சூப்பர்மார்க்கெட்டில் இறைச்சிப் பகுதியில் அவள் வைத்ததுதான் சட்டம். பதினெட்டு வருடமாக எலும்பு அறுக்கும் மின்வாளுக்கு முன்னால் நிற்கிறாள். பத்து விரலும் பத்திரமாக இருக்கின்றன. அவளுக்கு முன்பு அந்த இடத்தில் நின்ற ஆண்களில் இரண்டு பேர் ஆளுக்கொரு விரலைக் கொடுத்துவிட்டுத்தான் வேலையை விட்டுப் போனார்கள். இதைப் புதிதாக வேலைக்குச் சேருகிற ஒவ்வொருவரிடமும் அவள் தவறாமல் சொல்லிவிடுவாள்.

புக்கிட் ரோத்தான் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தவள். மூன்றாம் படிவத்தோடு, பதினைந்து வயதில், படிப்பு நின்றது. ரவாங்கில் ஒரு தொழிற்சாலையில் ஒன்பது வருடம் சின்னச் சின்னக் கம்பிகளை ஒட்டவைத்துக் கண்ணைக் கெடுத்துக்கொண்டாள். பிறகு செம்பனை எண்ணெய் ஆலையில் வேலை பார்த்த செல்வாவைக் கட்டிக்கொண்டு ஊரோடு திரும்பி வந்தாள். சூப்பர்மார்க்கெட் திறந்தபோது, இறைச்சி வெட்ட ஆள் தேவை என்று எழுதி ஒட்டியிருந்ததைப் பார்த்துவிட்டு உள்ளே போய், “ஆம்பளதான் வேணும்னு எழுதலையே” என்று மலாயில் கேட்டாள். வேலை கிடைத்துவிட்டது.

தோட்டம் வீட்டுமனையானபோது லயத்துச் சனம் முப்பத்தோரு குடும்பம் ஒரே தாமானில், அதாவது ஒரே குடியிருப்பில், எதிரும் புதிருமாக இரண்டு வரிசை வீடுகளில் குடியேறியது. லயத்தில் இருந்த சண்டைகளும் கூடவே வந்து சேர்ந்தன. அவற்றோடு வந்த நல்ல பழக்கம் ஒன்றும் உண்டு. தீபாவளிக்கு முந்தின நாள் முப்பத்தோரு வீடும் சேர்ந்து மூன்று ஆடு வாங்கி, நவமணி வீட்டுக் கார் நிறுத்துமிடத்தில் வாழையிலை விரித்துக் கூறு போடுவார்கள். ஒவ்வொரு கூறிலும் தொடை, விலா, எலும்பு, ஈரல் எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் இருக்க வேண்டும். கூறு போடுவது நவமணி. போட்டு முடிந்ததும் செல்வா முதுகைத் திருப்பிக்கொண்டு நிற்பான். அவள் ஒரு கூறைத் தொட்டு, “இது யாருக்கு?” என்பாள். அவன் பார்க்காமலேயே ஒரு வீட்டின் பெயரைச் சொல்வான். கூறு போட்டவளுக்கு எல்லோரும் எடுத்தது போக மிஞ்சியதுதான். அதனால் எந்தக் கூறும் இளைக்காது. இத்தனை வருடத்தில் கூறு விஷயத்தில் மட்டும் அந்த இரண்டு வரிசையில் சண்டை வந்ததில்லை. மற்ற விஷயங்களைக் கேட்காதீர்கள்.

இந்த வருடம் ஆட்டு விலை கேட்டவர்களுக்குத் தலை சுற்றியது. பத்தாங் பெர்சுந்தை சாலையில் ஆட்டுக் கொட்டகை வைத்திருக்கிற வீரன், வழக்கமான மூன்று ஆட்டுக்குச் சொன்ன விலையைக் கேட்டுவிட்டுப் பெண்கள் முணுமுணுத்துக்கொண்டே ஆட்டை எடுத்துவைக்கச் சொல்லிவிட்டுத் திரும்பிவந்தார்கள். வீரனைக் குறை சொல்லவும் முடியாது. தீவன மூட்டை அப்படி விற்கிறது.

அதே சமயம் செய்தியில் வேறொரு பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. பண்டிகை நேரத்தில் சாப்பாட்டுச் சாமான் விலையை இறக்கியே ஆக வேண்டும் என்று அரசாங்கம் பெரிய கடைக்காரர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொல்லியிருந்தது. சொன்னதோடு விடவில்லை. வாரத்துக்கு ஒரு முறை அமலாக்க அதிகாரி ஒருவர் கடைக்கு வந்து, கையில் இருந்த பட்டியலையும் அலமாரியில் இருந்த விலையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் போனார். கடை மேனேஜர் மிஸ்டர் இயோவுக்கு அந்த ஒரு மாதத்தில் இருந்த கொஞ்ச முடியும் நரைத்துவிட்டது. தீபாவளிக்கு ஐந்து நாள் இருக்கும்போது கட்டுப்பாட்டு விலைப் பட்டியல் வந்தது. தக்காளி, சின்ன வெங்காயம், தேங்காய், அதோடு எலும்போடு கூடிய இறக்குமதி ஆட்டுக்கறி. கட்டுப்பாட்டு விலைச் சாமான்களுக்கு பிங்க் நிற அட்டைதான் போட வேண்டும். ஆட்டுக்கறிக்கு உரிய பிங்க் அட்டையை நவமணிதான் தன் கையால் செருகினாள். கிலோவுக்கு ஆறு வெள்ளி குறைந்திருந்தது.

அவளுக்கு வந்த சந்தோஷம் இருக்கிறதே, அதைச் சொல்லி மாளாது. விலை ஏறும்போதெல்லாம் தெரிந்தவர்கள் முகத்தைப் பார்க்கக் கூசிக் குனிந்துகொண்டே கறி வெட்டியவள் அவள். விலை என்னவோ அவள் வைத்தது போல எத்தனை பேர் முறைத்திருக்கிறார்கள். இன்றைக்கு ஒரு நாளாவது நல்ல செய்தி தன் கையால் போகட்டும் என்று நினைத்தாள். கைப்பேசியை எடுத்து அட்டையைப் படம் பிடித்து, ‘முப்பத்தோரு வீடு’ என்ற வாட்சப் குழுவில் போட்டாள். கூடவே குரலும் பதிந்தாள்.

“ஆட்ட விட்டுடுங்க லா. வீரன்கிட்ட வேணாம்னு சொல்லிடுங்க. கோல்ட்ரூம்ல முப்பது பெட்டி இருக்கு, நானே எண்ணிப் பாத்தேன். வீட்டுக்கு மூணு கிலோ, நான் பொறுப்பு.”

கும்பிடும் கைகள் வரிசையாக வந்து விழுந்தன. சாயங்காலமே வீரனிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அவன் மறுநாள் காலையில் மூன்று ஆட்டையும் கிள்ளானிலிருந்து வந்தவர்களுக்குக் கொடுத்துவிட்டான்.

குளிர் அறையில் முப்பது பெட்டி இருந்தது உண்மைதான். ஒவ்வொரு பெட்டியின் பக்கவாட்டிலும் அது எந்தக் கிளைக்கு உரியது என்று எழுதியிருக்கும். கோலா சிலாங்கூர் குளிர் அறை பெரியது என்பதால் ரவாங் கிளைக்கும் பத்தாங் காலி கிளைக்கும் போக வேண்டிய சரக்கும் அங்கேதான் இறங்கும். பதினெட்டு வருடமாக அந்த எழுத்தைப் படித்துப் படித்து அவளுக்கு மனப்பாடம். அன்றைக்கு மட்டும் எண்ணத் தோன்றியது, படிக்கத் தோன்றவில்லை.

மூன்றாம் நாள் லோரி வந்து இருபத்தாறு பெட்டியை ஏற்றிக்கொண்டு போனது. நவமணி மிஸ்டர் இயோவிடம் ஓடினாள். அவர் கையை விரித்தார். மொத்த வியாபாரி இந்த விலைக்குப் புதுச் சரக்கு தர யோசிக்கிறான், தலைமையகத்தில் கேட்டாகிவிட்டது, நமக்கு நாலு பெட்டிதான் என்றார். நாலு பெட்டி என்றால் எண்பது கிலோ. அவள் வாக்குக் கொடுத்ததே தொண்ணூறு கிலோவுக்கு மேல். கடைக்கு வருகிற மற்ற சனம் வேறு இருக்கிறது.

அன்று சாயங்காலம் குழுவில் சொல்ல மூன்று முறை குரல் பதிந்து மூன்று முறையும் அழித்தாள். செல்வா காப்பியைக் குடித்துக்கொண்டே பார்த்துக்கொண்டிருந்தான். “சொல்லிடு மணி. நாளைக்குத் தெரியறத இன்னைக்கே சொல்லிடு” என்றான். சொன்னாள். இந்த முறை கும்பிடும் கைகள் வரவில்லை. சிலர் வேறு கொட்டகைகளுக்குப் போன் போட்டுப் பார்த்தார்கள். எல்லா ஆடும் பேசி முடிந்திருந்தது. எதிர் வரிசை லோகேஸ்வரி மட்டும் ஒரு வரி எழுதினாள்: “ஒங்கள நம்பித்தான் ஆட்ட விட்டோம் மணிக்கா.”

திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டியிருக்கலாம். லோகேஸ்வரிக்கும் அவளுக்கும் அது புதிதில்லை. அந்த ஒரு வரியைப் படித்துவிட்டுக் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தாள். முப்பது வீட்டுத் தீபாவளிச் சட்டியைத் தானே கவிழ்த்துவிட்டதாக அவளுக்குத் தோன்றியது. மூன்று தலைமுறையாகத் தெரிந்த சனம். இனி ஒருத்தியும் தன் பேச்சை நம்ப மாட்டாள்.

அடுத்த நாள் அவள் ஒரு காரியம் செய்தாள். வேலை முடிந்து கிளம்பும் முன், குளிர் அறையில் இருந்த நாலு பெட்டியில் ஒன்றை இழுத்து மீன் பெட்டிகளுக்குப் பின்னால் தள்ளி, மேலே ஒரு காலிப் பெட்டியை வைத்தாள். இருபது கிலோ. நம் சனத்துக்கு அரை அரைக் கிலோவாவது தேறும் என்று கணக்குப் போட்டாள். சரக்கை ஒளித்து வைத்தால் என்ன ஆகும் என்று அந்த அதிகாரி சொல்லிவிட்டுப் போனது காதில் ஒலிக்கத்தான் செய்தது.

தீபாவளிக்கு முந்தின நாள் காலை ஏழு மணிக்குக் கடை வாசலில் மோட்டார் சைக்கிளை நிறுத்தினாள். கடை திறக்க இன்னும் மூன்று மணி நேரம். அதற்குள் வாசற்படியில் சனம் உட்கார்ந்திருந்தது. தஞ்சோங் காராங்கிலிருந்து ஒரு குடும்பம், ஈஜோக்கிலிருந்து இரண்டு பெண்கள், மடியில் கைக்குழந்தையோடு ஒருத்தி. எல்லோரும் செய்தியில் விலையைக் கேட்டுவிட்டு வந்தவர்கள். கொஞ்சம் தள்ளி அவளுடைய தாமான் பெண்களும் இருந்தார்கள், அவளைப் பார்க்காதது மாதிரி. நவமணி நின்று எல்லார் முகத்தையும் ஒரு சுற்றுப் பார்த்தாள். இவர்கள் எல்லோருக்கும்தானே அந்த பிங்க் அட்டையைச் செருகினோம் என்று நினைத்தபோது அவளுக்கே வெட்கமாகிவிட்டது. நேரே குளிர் அறைக்குப் போய் அந்தப் பெட்டியை வெளியே இழுத்து மற்ற மூன்றோடு சேர்த்து வைத்தாள்.

மிஸ்டர் இயோ வந்ததும், கறியை எப்படி விற்கப் போகிறீர்கள் என்று கேட்டாள். முதலில் வருகிறவர்களுக்கு ஆளுக்கு மூன்று கிலோ, தீர்ந்தால் தீர்ந்தது என்றார் அவர். அவள் மறுத்துத் தலையை ஆட்டினாள். அப்படி விற்றால் இருபத்தாறு பேரோடு முடிந்துவிடும். வாசலில் அதற்குள் எழுபது பேருக்கு மேல் இருக்கிறார்கள். ஆளுக்கொரு வரிசை எண்ணைக் கொடுங்கள், எண்பது கிலோவையும் நான் அறுத்துக் கூறு போடுகிறேன், எல்லோருக்கும் ஒரு கூறு போகட்டும் என்றாள்.

“ஒங்க தாமான் ஆளுங்களுக்கு மூணு கிலோ சொல்லியிருந்தியே?” என்று அவர் மலாயில் கேட்டார்.

“அவங்களும் வரிசையிலதான் நிக்கிறாங்க” என்றாள் நவமணி.

கூறு என்றால் என்ன, மிஞ்சியதைப் போட்டவள்தான் எடுக்க வேண்டும் என்பதெல்லாம் அவள் விளக்கத் தொடங்கியபோது அவர் கையைக் காட்டி நிறுத்தினார். மிஸ்டர் இயோ ஆற்றுக்கு அக்கரையில் பாசிர் பெனம்பாங்கில் மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்தவர். அவருடைய அப்பாவின் படகு கரைக்கு வந்தால் மீனை இப்படித்தான் கும்பல் கும்பலாகப் போடுவார்களாம். பங்கு போட்டவர் கடைசியில்தான் எடுப்பாராம். அதைச் சொல்லிவிட்டு, எண் சீட்டு எழுதத் தாள் தேடிப் போய்விட்டார். இத்தனை வருடம் ஒன்றாக வேலை பார்த்தும் இது தெரியாமல் போயிற்றே என்று நவமணி வியந்தாள்.

இரண்டரை மணி நேரம் மின்வாள் ஓய்வில்லாமல் ஓடியது. எஃகு மேசை முழுக்கக் கூறுகள் நிரம்பின. கை விறைத்து விரல் மரத்துப் போனது. எலும்புத்தூள் போக எழுபத்தொன்பது கூறு தேறியது. வரிசையில் எழுபத்தெட்டு பேர். ஒன்று மிஞ்சும், அது நம் வீட்டுக்கு என்று நினைத்துக்கொண்டாள்.

கடை திறக்கும் நேரத்தில் அமலாக்க அதிகாரி வந்து சேர்ந்தார். இளம் மலாய்க்காரர், கண்ணாடிக்குப் பின்னால் எப்போதும் சந்தேகமான பார்வை. மேசையைப் பார்த்ததும் நின்றுவிட்டார். கிலோ விலை போட்டிருக்கும் சாமானை இப்படிக் குவியலாக விற்கக் கூடாது, ஒவ்வொன்றையும் நிறுத்து விலைச்சீட்டு ஒட்ட வேண்டும் என்றார். சரி, நிறுத்துப் பாருங்கள் என்றாள் நவமணி. அவர் ஒவ்வொன்றாகத் தராசில் வைத்தார். தொள்ளாயிரத்துத் தொண்ணூறு கிராம், ஆயிரத்துப் பத்து, ஆயிரம், ஆயிரத்துப் பதினைந்து. பத்துக் கூறுக்குப் பிறகு அவர் தராசைப் பார்ப்பதை விட்டுவிட்டு அவளுடைய கையைப் பார்க்கத் தொடங்கினார்.

சீட்டு ஒட்டி முடிந்ததும் அவள் அவரிடம் இன்னொரு வேலையைக் கொடுத்தாள். மேசைக்கு முதுகைக் காட்டி நில்லுங்கள், நான் கேட்கும்போது ஏதாவது ஒரு வரிசை எண்ணைச் சொல்லுங்கள் என்றாள். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் எழுபத்தெட்டு பேர் பார்த்துக்கொண்டிருந்ததால் திரும்பி நின்றார். அவள் ஒரு கூறைத் தொட்டு “இது யாருக்கு?” என்றாள். “முப்பத்தேழு” என்றார் அவர். வரிசையில் நின்ற தாமான் பெண்கள் சிரித்துவிட்டார்கள். சற்று நேரத்தில் தஞ்சோங் காராங் குடும்பமும் சிரித்தது. அரசாங்கம் முதுகைத் திருப்பிக்கொண்டதால் சனத்துக்கு நல்லது நடந்ததை அந்தக் கடையில் அன்றைக்குத்தான் பார்த்தார்கள்.

லோகேஸ்வரியின் எண் நாற்பத்தொன்று. தன் கூறை வாங்கும்போது நவமணியை அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. நவமணி அடுத்த கூறைத் தொட்டாள். தாமானின் முப்பது வீட்டுக்கும் ஒவ்வொரு கிலோ போய்ச் சேர்ந்தது. மூன்று கிலோ சொன்ன இடத்தில் ஒரு கிலோ.

மேசையில் ஒரே ஒரு கூறு இருந்தது. அதை எடுத்துப் பையில் போட்டுக் கட்டிக்கொண்டிருந்தபோது ஒரு பெரியவர் கைத்தடியை ஊன்றிக்கொண்டு வேகமாக வந்தார். மருத்துவமனையில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, இருந்து ஓய்வுபெற்ற கனகலிங்கம். கோலாலம்பூரிலிருந்து மகன் வருகிறானாம், இவர் ஏறிவந்த டாக்சி வழியில் கெட்டுப்போய்விட்டதாம்.

“முடிஞ்சு போச்சோ பிள்ளை?” என்று கேட்டார்.

நவமணி கையில் இருந்த பையைப் பார்த்தாள். ரவாங்கிலிருந்து நாத்தனார் குடும்பம், பண்டிகை விருந்தான ஓப்பன் ஹவுசுக்கு வரும் ஆலைக்காரர்கள், எல்லோரும் கண்முன் வந்து போனார்கள். “இல்லைங்க ஐயா, ஒங்களுக்குத்தான் கட்டிக்கிட்டு இருக்கேன்” என்று அவர் கையில் கொடுத்துவிட்டாள். அவர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

வேலை முடிந்ததும் அவள் காய்கறிப் பகுதிக்குப் போய்ப் பத்துக் கிலோ உருளைக்கிழங்கு மூட்டை ஒன்று வாங்கினாள். கறி இல்லாவிட்டாலும் மசாலா மணக்க வேண்டுமே. அதை மோட்டார் சைக்கிளின் முன்னால் வைத்து ஓட்டிக்கொண்டு வந்து வீட்டு வாசலில் இறக்கினாள். செல்வா மூட்டையைப் பார்த்தான், அவளுடைய கையைப் பார்த்தான். வெந்நீர் போட்டுக்கொண்டு வந்து வைத்தான். விறைத்த விரல்களை அதில் அமிழ்த்தியபோதுதான் அவளுக்கு அழுகை வந்தது. கறி எங்கே என்று கேட்காத அந்த மனுஷனுக்காகவும் கொஞ்சம் சேர்த்து அழுதாள்.

ஆறு மணிக்கு வாசலில் ஆள் அரவம். லோகேஸ்வரி ஒரு கிண்ணத்தோடு நின்றாள். அவளுக்குப் பின்னால் இரண்டு வரிசை வீட்டுப் பெண்களும் ஆளுக்கொரு கிண்ணத்தோடு இருந்தார்கள். வந்துவிட்டார்கள், நன்றாகக் கேட்கப் போகிறார்கள் என்று நவமணி சேலை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு எழுந்தாள். லோகேஸ்வரி உள்ளே வந்து, கார் நிறுத்துமிடத்தில் கிடந்த வாழையிலையை விரித்து, கிண்ணத்தில் இருந்த ஒரு துண்டுக் கறியை அதில் வைத்தாள். அடுத்தவள் வைத்தாள். அதற்கடுத்தவளும். நல்ல துண்டாகப் பார்த்துத்தான் எடுத்து வந்திருந்தார்கள்.

“காரு வரட்டும்னு கடை வாசல்லதான் நின்னேன். அந்த ஐயாகிட்ட நீங்க குடுத்ததப் பாத்தேன் மணிக்கா” என்றாள் லோகேஸ்வரி. “கூறு போட்டவளுக்குக் கூறு இல்லாம நாங்க எப்படி அடுப்புப் பத்த வைக்கிறது?”

முப்பது துண்டு. நவமணி இலையைத் தூக்கிப் பார்த்தாள். அவள் கைக்குத் தராசு தேவையில்லை. ஒன்றேகால் கிலோ இருந்தது. அன்றைக்கு அந்த ஊரில் யாருக்கும் கிடைக்காத பெரிய கூறு அவளுக்குத்தான் கிடைத்திருந்தது. “ஒங்களுக்குப் பத்துமா?” என்று கேட்டாள்.

“பத்தாதுதான் லா. கெழங்கப் போட்டுப் பெருக்கிக்க வேண்டியதுதான். அதுவும் கடையில தீந்து போச்சாம்” என்றாள் லோகேஸ்வரி.

நவமணி கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். உருளைக்கிழங்கு மூட்டையை இழுத்து வந்து, இன்னொரு வாழையிலையை விரித்து, மூட்டையின் வாயை அவிழ்த்தாள். பெரியது ஒன்று, நடுத்தரம் ஒன்று, சின்னது ஒன்று என்று கை தானாக அடுக்கத் தொடங்கியது. முப்பத்தோரு கூறு. செல்வா யாரும் சொல்லாமலேயே வந்து முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றான். எதிர்வீட்டுக் கூரைக்கு மேலே யாரோ அவசரப்பட்டு விட்ட முதல் வாணம் வெடித்தது.

“இது யாருக்கு?” என்றாள் நவமணி. குரல் பழையபடி நெட்டையாக வந்தது.

“லோகேஸ்வரிக்கு” என்றான் செல்வா.

ஒவ்வொரு வீடாகப் பெயர் சொல்லி முடிந்தது. பெண்கள் கிண்ணத்தில் கிழங்கோடு சிரித்துக்கொண்டே கலைந்து போனார்கள். இலையில் மிஞ்சிய கடைசிக் கூறை நவமணி எடுத்துக்கொண்டாள். அதிலும் மூன்று கிழங்கு இருந்தது.